வெள்ளை மூடிப் போத்தல்கள்

பியர் செய்வது சோறு வடிப்பதைவிடச் சுலபம். சோற்றை இரண்டு நிமிடம் கவனிக்காவிட்டால் குழைந்துவிடும். பியர் பொறுமையான சாமான், நீங்கள் வரும்வரை காத்திருக்கும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, மகேந்திரராஜா அண்ணர். விக்னராஜாவின் வழக்கறிஞர் என்ற முறையில் எனக்குக் கடிதம் எழுதியிருந்தீர்கள். அவனுடைய காரின் பின்பெட்டியில் கிடந்த வெள்ளை மூடிப் போத்தலை ஆய்வுக்குக் கொடுத்தீர்களாம். அதில் நூற்றுக்கு ஏழரைப் பங்கு மதுசாரம் இருந்ததாம். வெள்ளை மூடிப் போத்தலில் மதுசாரமே இல்லை என்று நான் நீதிமன்றத்தில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கிறது. ஆகவே, "சிவபாலன், மூடியள் மாறிப்போயிருக்கும். மனிசருக்கு வாற பிழைதானே. அதை மட்டும் எழுதித் தாரும், மேன்முறையீட்டுக்குப் போதும்" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனது எனக்கு விளங்குகிறது. ஆனால் நான் நான்கு வருடமாகக் கிளேட்டனில் உள்ள என் வீட்டுக் குசினியில் பியர் செய்கிறேன். ஒரு நாளும் ஒரு மூடிகூட மாறியதில்லை. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒன்பது வருடம் வேலை செய்கிற எனக்கு, சிவப்பும் வெள்ளையும் தெரியாது என்று நீங்கள் நினைத்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பிழையை என்னால் எழுதித்தர முடியாது. நடந்ததை எழுதுகிறேன்.

எழுபத்துமூன்றில் இந்த நாட்டில் சட்டத்தைத் தளர்த்தினார்கள். வீட்டில் பலமான பியர் செய்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று ஆனது. கடையில் ஒரு பெட்டி வாங்கினால் உள்ளே எல்லாம் இருக்கும். ஒரு ரின் மோல்ற் என்கிற பார்லிப் பாகு, ஒரு பொட்டலம் கசக்கிற ஹொப்ஸ் பூ, புளிக்கவைக்க ஒரு பக்கற் ஈஸ்ற். பாகைக் கரைத்து, பூவைப் போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்து, சீனி சேர்த்து, பிளாஸ்டிக் பீப்பாயில் ஊற்றி ஆறவிட்டு ஈஸ்ற்றைத் தூவவேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே செய்தால் வெளிறிய ஒரு தண்ணீர்தான் வரும். நான் ஒரு ரின்னுக்குப் பதில் இரண்டு போடுவேன். பூவை மூன்று மடங்காக்குவேன். நிறம் பொன்னாக இருக்கும். கசப்பு நாக்கின் அடியில் போய் உட்காரும், பலம் அந்தக் கசப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

விக்னராஜா எழுபத்துநான்கில் என் வீட்டின் பின்னறைக்கு வந்தான். ரோட்டுப் பாலங்கள் கட்டும் எஞ்சினியர், என்னைவிட மூன்று வயது இளையவன். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் குசினிக் கதிரையில் இருப்பான். "என்ன மச்சான், இண்டைக்கு உன்ர பீப்பாய் பாடுதோ?" என்று கேட்பான். குமிழிகள் வெளியேறுகிற சத்தத்தைத்தான் பாட்டு என்பான். அவன் வருவதற்கு முன்னர் அந்தச் சத்தத்தை நான் ஒருவன்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் நன்றாகக் குடிப்பான், மறைக்கவில்லை. பியரோடு நிற்கமாட்டான், விஸ்கிக்கும் போவான். யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவி இராஜேஸ்வரிக்கு யாரோ இதை எழுதிப்போட்டார்கள். அவள் பதில் எழுதினாள், இரண்டே வரி. ஒரு வருடம் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு வருவேன், இல்லையென்றால் வரமாட்டேன். அதை உறுதிப்படுத்த இங்கிருந்த தன் ஒன்றுவிட்ட சித்தி, நாகேஸ்வரி அன்ரியை நியமித்தாள். அன்ரி ஒவ்வொரு ஞாயிறும் கிளேட்டனுக்கு வந்து, விக்னராஜாவை வாயைத் திறந்து ஊதச் சொல்லி மணந்து பார்ப்பார்.

விக்னராஜா அன்றே விட்டான். அவனால் முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வேலையால் வந்து நேரே பின்னறைக்குப் போய் மனைவிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினான். குசினிக் கதிரை சும்மா கிடந்தது. நான் இரண்டு கிளாஸ் எடுத்து ஒன்றைத் திரும்ப வைக்கிற பழக்கத்துக்கு வந்தேன்.

ஆகவே அவனுக்கு ஒரு உதவி செய்ய நினைத்தேன். புளித்து முடிந்த பியரை மறுபடி கொதிக்கவைத்தால் மதுசாரம் ஆவியாகிவிடும். அதைத் தனியாகப் போத்தலில் அடைத்து வெள்ளை மூடி அடித்தேன். எனக்குரியதற்குச் சிவப்பு மூடி. முதல் வெள்ளை மூடிப் போத்தல்களில் உண்மையிலேயே ஒன்றும் இருக்கவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினான்.

"கழனித்தண்ணி மச்சான்," என்றான். "குறை நினையாத."

நான் குறை நினைக்கவில்லை. அவன் சொன்னது சரி, கொதிக்கவைத்த பியருக்கு உயிர் இல்லை. அடுத்த முறை கால் பங்கு கொதிக்காததைக் கலந்தேன். அவன் அரைக் கிளாஸ் குடித்தான். அதற்கடுத்த முறை மூன்றில் ஒரு பங்கு. பிறகு பாதி. பிள்ளைக்குச் சோறு பழக்குகிறமாதிரித்தான், அவசரப்படவில்லை. நாலரை மாதத்தில் வெள்ளை மூடியும் சிவப்பு மூடியும் ஒன்றாகிவிட்டன. கொதிக்கவைக்கிற வேலையும் மிச்சம்.

அவனுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள் கேட்பீர்கள், நீதவானும் கேட்பார். எங்கள் ஆட்களுக்குக் குடி என்றால் தொண்டை எரியவேண்டும். சாராயம் எரியும், விஸ்கி எரியும். கசப்பது மருந்து. வேப்பம்பூவையும் பாவற்காயையும் நோய்க்குத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள், கசக்கிற ஒன்றை யாரும் சந்தேகப்படமாட்டோம். நித்திரை நன்றாக வருகிறது என்று அவன் சொன்னபோது, மோல்ற் அப்படித்தான், படுக்கப்போகுமுன் பாலில் கரைத்துக் குடிக்கிறார்களே என்றேன்.

ஒருநாள் மட்டும் கேட்டான். போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிவபாலன், இதில ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்லை. கொதிக்க வச்சனான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"நீ சொன்னாச் சரி," என்று குடித்தான். அந்த நம்பிக்கை எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

நாகேஸ்வரி அன்ரியையும் ஏமாற்றவேண்டிய தேவை வரவில்லை, அவர் தானாகவே ஏமாந்தார். ஒரு ஞாயிறு அவன் வாயை மணந்துவிட்டு, "என்னடா இலை மணம்?" என்றார். நான் வெறும் மோல்ற் ரின்னைக் காட்டினேன். அதன் அடியில் ஒட்டியிருந்த பாகை விரலால் வழித்து நக்கிப் பார்த்தார். "ஓ, இதுதானே. என்ர பிள்ளையளுக்கு மீன் எண்ணெயோட கலந்து குடுத்தனான்," என்றார். வெள்ளை மூடியில் ஒரு மிடறு ஊற்றிக் கொடுத்தேன். முகத்தைச் சுழித்து, "வேப்பிலைக் கசாயம். உடம்புக்கு நல்லது, குடிக்கட்டும்," என்றார். அன்றைக்கே இராஜேஸ்வரிக்கு எழுதினார். உன் புருசன் திருந்திவிட்டான், இரவில் கசாயம் மட்டும்தான் குடிக்கிறான், வாற தையில் வந்து சேர் என்று. கடிதத்தில் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டது நான்.

விக்னராஜா பக்கத்து ஊரான ஓக்லியில் ஒரு சின்ன வீடு பார்த்தான். மூன்று பேருக்குப் போதும். மகளுக்கு ஒரு கட்டில், இராஜேஸ்வரிக்கு ஒரு தையல் மெசின். எல்லாவற்றையும் வாங்கிவந்து எனக்குக் காட்டுவான். "நீ ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட வா மச்சான்," என்றான். ஞாயிறு வாரத்தில் ஒன்றுதான் வரும். இதை அவனிடம் சொல்லவில்லை.

எழுபத்தேழு தை மாதம், சனிக்கிழமை. விமானம் மாலை நாலரைக்கு. நல்ல வெயில். விக்னராஜா காலையிலிருந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். பொத்தான்களை மாற்றிப் பூட்டினான், பாவம். இரண்டு மணிக்கு நான் ஒரு வெள்ளை மூடி திறந்து கொடுத்தேன், பெரிய போத்தல். ஒரே மூச்சில் குடித்தான். வழக்கமாக ஒன்றுதான், அதுவும் வேலையால் வந்து சாப்பாட்டோடு, பிறகு கார் எடுக்கமாட்டான். அன்று வெறும் வயிறு. இன்னொன்று திறந்தேன், அதையும் குடித்தான். "இண்டைக்குத்தான் மச்சான் உன்ர பியர் உண்மையா நல்லா இருக்கு," என்றான். மூன்று வருடத்தில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல்தடவை.

நானும் கூடப்போய்க் கார் ஓட்டியிருக்கலாம். கேட்டால் சாவியைத் தந்திருப்பான்.

அவன் போனதும் தெருமுனைத் தொலைபேசிக்குப் போனேன். அந்த வருடங்களில்தான் ரோட்டில் மறித்து மூச்சைச் சோதிக்கத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளை நிற ஹோல்டன் கார், இந்த இலக்கம், சாரதி குடித்திருக்கிறார், விமான நிலையத்துக்கு நேர் ரோட்டால் போகிறார் என்று பொலிசுக்குச் சொன்னேன். என் கணக்கு இதுதான். மறிப்பார்கள், ஊதச் சொல்வார்கள், அனுமதிப்பத்திரம் போகும். இராஜேஸ்வரி விமான நிலையத்தில் காத்திருந்து விசயத்தை அறிவாள். அவள் சொன்ன சொல் மாறாதவள், மறுகிழமையே திரும்பிப்போவாள். ஓக்லி வீட்டை விட்டுவிடலாம். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

விக்னராஜா நேர் ரோட்டால் போகவில்லை. இடையில் ஒரு கடைத்தெருவுக்குத் திருப்பியிருக்கிறான், பூ வாங்க. அவன் பூ வாங்குகிற ஆள் இல்லை, அண்ணர். மூன்று வருடத்தில் என் வீட்டுக்கு ஒரு பூ வாங்கி வந்ததில்லை. அதை நான் எப்படி எதிர்பார்ப்பது? பாதசாரிக் கடவையில் அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு கடந்திருக்கிறார். அவன் பிறேக் போட்டது பிந்திவிட்டது. அவர் அந்த இடத்திலேயே இறந்தார். அவனுக்கு நெற்றியில் மூன்று தையல்.

பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து சொன்னதும், இராஜேஸ்வரியையும் பிள்ளையையும் ராக்சி பிடித்துப்போய்க் கூட்டிவந்தது நான்தான். நாலு மணித்தியாலம் காத்திருந்தார்கள். பிள்ளை பெட்டிக்கு மேலே தலை வைத்து உறங்கியிருந்தது. "அவர் எங்க?" என்று இராஜேஸ்வரி கேட்டாள். அவன் குடித்திருந்தான் என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவள் அழவில்லை. பிள்ளையின் சப்பாத்து நூலைக் கட்டிவிட்டாள். மூன்று கிழமையில் திரும்பிப்போனாள். போகும்போது, இவ்வளவு நாள் அவனைப் பார்த்துக்கொண்டதற்காக எனக்கு நன்றி சொன்னாள்.

வீட்டிலிருந்த வெள்ளை மூடிப் போத்தல்கள் பதினேழையும் அன்றே தொட்டியில் ஊற்றினேன். நல்ல பியர், வயிறெரிந்தது. இராஜேஸ்வரிக்கு ருசி காட்ட அவன் ஒன்றைக் காரில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

வழக்கில் அவன், ஒரு வருடமாக ஒரு சொட்டும் தொடவில்லை என்று சொன்னான். மூச்சுச் சோதனை வேறு சொன்னது. என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளை மூடியில் மதுசாரம் இல்லை என்றும், என் சிவப்பு மூடிப் போத்தல்களில் இரண்டு குறைந்திருந்தன என்றும் சொன்னேன். அவன் எழும்பி என்னைப் பார்த்தான். செய்ததற்கு வருந்துகிற மனம்கூட இல்லை என்று சொல்லி நீதவான் நாலு வருடம் கொடுத்தார்.

சனிக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். வேறு ஒருவரும் போவதில்லை, நாகேஸ்வரி அன்ரி அவன் பெயரையே எடுப்பதில்லை. போன சனி அவன், "மச்சான், நான்தான் எடுத்திருப்பன் போல. பதட்டத்தில சிவப்பு மூடியை எடுத்துக் குடிச்சுப்போட்டு மறந்திட்டன் போல," என்றான். பிறகு, "உன்னைக் கோர்ட்டில நிக்க வச்சிட்டன். மன்னிச்சுக்கொள்," என்றான். நான் மன்னித்தேன். அதன்பிறகு அவன் முகம் தெளிந்திருந்தது. வெளியே வந்தால் போக வேறு இடமில்லை, பின்னறை இருக்குதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். அதன் யன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டிருக்கிறேன்.

எல்லாம் நல்லபடியாக வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. இராஜேஸ்வரிக்கும் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். ஆய்வு முடிவைப் பார்த்துவிட்டு அவள், பிழை அவருடையதில்லை என்றால் திரும்பி வருவேன் என்று பதில் போட்டிருக்கிறாளாம். நல்ல பெண். வரட்டும். நான் குறுக்கே நிற்கிற ஆள் இல்லை என்பதை இந்தக் கடிதத்திலேயே நீங்கள் பார்க்கலாம்.

ஆகவே எழுதித் தருகிறேன்: மூடி மாறவில்லை. வெள்ளை மூடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் ஊற்றினேன், தெரிந்துதான் சத்தியம் செய்தேன், தெரிந்துதான் சாவியோடு அவனை அனுப்பினேன். கீழே கையொப்பம் வைத்திருக்கிறேன்.

இதற்கு என்னை உள்ளே போடுவார்கள் என்று நினைக்கிறேன். அதில் ஒரு சின்ன உதவி செய்யுங்கள், அண்ணர். அவனை விடுவதற்கு முன்னரே என்னைப் போடச் சொல்லுங்கள், அவன் இருக்கிற இடத்திலேயே. இரண்டு கிழமை கிடைத்தாலும் போதும்.