பர்ஸ் வைத்த பக்கம்

பெரிய மார்க்கெட்டில் பஸ் ஏறினேன். முன்சீட்டில் மீன் விற்கும் பெண்கள் இருவர், காலடியில் காலிக்கூடைகள். மூத்தவள் புடவையில் இளஞ்சிவப்பு ரிப்பன்.

"என்னாக்கா, ஸ்கூலுக்குப் போறியா? ரிப்பன்லாம் குத்தியிருக்க!"

"மார்புப் புத்துநோய்க்குக் காலேஜ் பொண்ணுங்க உண்டியல் குலுக்கினாங்க. சில்லறை போட்டேன், குத்திவுட்டாங்க. கட்டி இருந்தா உடனே காட்டணுமாம்."

"அதுக்கு ஏன் மூஞ்சி வாடிக் கெடக்குது?"

"எனக்கு இருக்குதுடி. ஜாக்கெட்டுல சொருகுற பர்ஸ் அழுத்தித்தான் வந்துச்சுன்னு நெனச்சேன். பர்ஸை அந்தப் பக்கம் மாத்திக்கினேன்."

"அப்புறம்?"

"பர்ஸ்தான் மாறிச்சு. கட்டி அங்கயேதான் இருக்குது."

கண்டக்டர் வந்தார். இளையவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்கு ரெண்டு குடுண்ணே."

"மீன் கூடையோட உள்ள வுட மாட்டாங்கடி."

"கூடையோட நான் வெளியே குந்தியிருக்கேன். நீ போய்க் காட்டு."