கிருபாகரன் சாரின் பச்சைப் பெட்டி

பெருங்காய டப்பாவை இறுக்கி மூட வேண்டும் மேடம், இல்லாவிட்டால் வாசனை போய்விடும். எங்கள் வீட்டில் அதை மூடுவது நான்தான். கடலுக்குள் போய் வந்த பிறகும் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை என்று உங்கள் ஏட்டு சொன்னபோது மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

என் பெயர் பாலசுப்ரமணியன். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சதுரங்கப்பட்டினத்தில் வீடு கட்டிக்கொண்டேன். இறந்துபோன கிருபாகரன் சார் பக்கத்து வீடு. கல்யாணம் ஆகாதவர். தங்கமான மனிதர், அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. அவரிடம் ஒரு பெட்டி இருந்தது.

இதோ உங்கள் மேஜைமேல் இருக்கிறதே, அதுதான். ஜார் காலத்து ரஷ்யச் சாமான். முழுக்கத் தங்கம், மேலே பச்சை எனாமல், மூடியைச் சுற்றி வைரம். இளவயதில் மாஸ்கோவுக்கு டிரெய்னிங் போனபோது, தங்கியிருந்த வீட்டுக்காரக் கிழவி கொடுத்தாளாம், ஒரு பாட்டில் ஆவக்காய் ஊறுகாய்க்குப் பதிலாக. இந்தக் கதையை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குச் சொல்வார். பனியில் தொடங்குவார். கிழவியின் முழங்கால் வலி வரும், பிறகு ஊறுகாய் வரும். எழுந்திருக்கப் பார்த்தால், "காபி சாப்பிடாமப் போனா எப்படி?" என்பார். காபி என்று சொன்ன வீட்டிலிருந்து பாதியில் எழுந்து வருகிற பழக்கம் நமக்குக் கிடையாதே. அந்தக் காபியோ கதை முடிந்தால்தான் வரும்.

கடைசியில் மூடியைத் தட்டி, "உள்ள என்ன இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்?" என்று கேட்பார். நான், "தெரியலையே சார்" என்று சொல்ல வேண்டும். உள்ளே ஒரு மண்ணும் இருக்காது. ஒருமுறை, "ஒண்ணும் இருக்காது சார்" என்று முந்திக்கொண்டேன். முகம் வாடிப்போய், மறுபடி பனியிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

பெண்கள் கண் பட்டால் எனாமல் மங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. அதனால் என் மனைவி ஸ்ரீதேவி அந்தப் பெட்டியைப் பார்த்ததே இல்லை.

என் மகள் அனுவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். ராகுகாலத்துக்கு முன்னால் தட்டு மாற்ற வேண்டும். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டு ஆண்களிடம் கிருபாகரன் சார் பெட்டியை எடுத்தார். பெரியவர் பேசும்போது எழுந்தால் மரியாதையாக இருக்காது என்று யாரும் அசையவில்லை. கிழவியின் முழங்காலுக்கு வரும்போதே ராகுகாலம் பிறந்துவிட்டது. சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளையின் அம்மா கிளம்பிவிட்டார். அனு மூன்று நாள் அழுதாள்.

ஆனால் அதற்காகச் செய்தேன் என்று எழுதாதீர்கள். போகும்போது மாப்பிள்ளையின் அப்பா என்னிடம், "உள்ள என்னதாங்க இருந்துச்சு?" என்று கேட்டார். பதில் சொல்லாமல், பனியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அப்போதுதான் பயந்துபோனேன்.

பழைய பொருள் பழைய கோட்டையை ஒருமுறை பார்க்கட்டும் என்று, போன மாதம் டச்சுக் கோட்டைக்குப் பெட்டியை வழக்கம்போல் மஞ்சள் துணியில் முடிந்து எடுத்து வந்தார். நானும் வீட்டுப் பித்தளைப் பெருங்காய டப்பாவை அதே மாதிரி மஞ்சள் துணியில் முடிந்து என் பையில் வைத்திருந்தேன். சுவர்ப் பக்கம் ஒதுங்கப் போனவர் பெட்டியை என்னிடம் கொடுத்தார். அதைப் பையில் போட்டுக்கொண்டு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டேன். பிறகு கடற்கரைக்குப் போனோம். பெரிய அலை ஒன்று வந்தபோது டப்பாவை விட்டெறிந்தேன். "கை தவறிப்போச்சு சார்" என்றேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு இறங்கினார். எதிலும் ஒழுங்கு பார்க்கிறவர்.

வலை பிரித்துக்கொண்டிருந்த அப்பாசாமி தலை நிமிர்ந்தார். "இன்னா சார், அந்தாளு உள்ள போய்க்கினே கீறாரு. நீச்சலு தெரியுமா அவருக்கு?"

"நல்லாத் தெரியும்" என்றேன். அவர் மறுபடி வலையைப் பார்க்கத் தொடங்கினார்.

கிருபாகரன் சாருக்கு நீச்சல் தெரியாது. அது எனக்குத் தெரியும். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அப்பாசாமியே குதித்து இழுத்து வந்தார், உயிர் இல்லை. சாரின் கை டப்பாவை மட்டும் விடவில்லை.

பெட்டியைச் சமையலறையில், பெருங்காய டப்பா இருந்த இடத்திலேயே வைத்தேன். ஆயுத பூஜைக்குப் பாத்திரம் துலக்கிய ஸ்ரீதேவி, பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். களிம்பு போகவில்லை. பாத்திரக் கடை ரஞ்சித்குமாரிடம் பாலிஷ் போடக் கொடுத்துவிட்டாள். மெஷினில் வைத்ததும் அது தங்கம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது, உங்களிடம் கொண்டுவந்தார். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

நகைக்காகக் கொன்றேன் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள், அதுதான் வருத்தம். எனக்கு வேண்டியிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை அமைதி, அவ்வளவுதான். யாரையும் உட்கார வைத்து அறுக்கிற ஆள் நான் இல்லை. லாக்கப்பில் கூட இருந்த ஜேப்படிக்காரரிடம் இதைச் சுருக்கமாகத்தான் சொன்னேன். அவர் ஏனோ வேறு அறை கேட்டாராம், கொசுத் தொல்லை போலிருக்கிறது.

எங்கே எழுந்திருக்கிறீர்கள் மேடம்? ஏட்டிடம் காபி சொல்லியிருக்கிறேன், சாப்பிடாமல் போனால் எப்படி? மாஸ்கோவில் அன்றைக்கு நல்ல பனி. அந்தப் பெட்டியைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள். உள்ள என்ன இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்?