அப்பாவுக்கு ஏற்ற கம்பி

தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி கிளம்பும்போது எதிர் இருக்கைப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "எங்கப்பாவ அமுக்கறதுக்குத்தான்டி இந்த கிடாரே வாங்கினேன்."

நான் செல்போனை அணைத்துப் பையில் போட்டேன். அந்த அப்பா அவள் பக்கத்திலேயே, புதுக் கிடாரை உறையோடு கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"போன கிறிஸ்துமஸுக்கு கேரல் ரவுண்ட்ஸ்ல நீ இல்லல்ல? வீடு வீடா இவர் சுருதி ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். ஒரு வீட்டு நாய் இவரோட சேர்ந்துக்கிச்சு."

"அவர் குரலுக்கு இந்த கிடார் தாங்குமா?"

"மகோகனி மரம்டி, மெத்துனு பேசும். பளிச்னு பேசறதெல்லாம் விலை கட்டுப்படியாகல. கடைக்கார அண்ணா, மரத்துக்கு ஏத்த மாதிரி இதமான கம்பியே போட்டுக்கோம்மான்னாரு. வேணாண்ணா, இருக்கறதுலயே கணீர்னு கேக்கறதா குடுங்கன்னேன்."

"ஏன்னு கேக்கலயா?"

"கேட்டாரு. அப்பாவுக்காகன்னேன். அப்பா மேல இவ்ளோ பாசமான்னு அவரே கம்பிய மாட்டிக் குடுத்துட்டாரு."

தோழி சிரித்து முடிப்பதற்குள் ஊரப்பாக்கம் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "சரி, பாதிப் பாட்டுல கம்பி அறுந்துச்சுன்னா என்னடி பண்ணுவ?"

இதை அவள் யோசித்திருக்கவில்லை போலும், கிடார் உறையைத் திரும்பிப் பார்த்தாள்.

பெரியவர் கண்ணைத் திறக்காமல் கிடாரை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"அதுக்குத்தான் நான் இருக்கேனே."