அம்மா ஒத்துழைக்கவில்லையாம்

எங்கம்மா பேரு பெங் குய்ஃபென். அவங்க சிகிச்சைப் புத்தகத்துல, இதோ பாருங்கண்ணா, ஒன்பதாவது நாளுக்கு நேரா, "நோயாளி ஒத்துழைக்கவில்லை"ன்னு எழுதி வெச்சிருக்காங்க. எழுதினது ஓயாங்னு ஒரு நர்ஸ். உள்ள இருக்காங்க. ஒத்துழைக்கலையாம்! எங்கம்மா! பஸ்ல இடிச்சவன்கிட்டயே மன்னிப்புக் கேக்குற ஆளு!

இல்ல இல்ல, நீங்க எந்திரிக்காதீங்க. குழந்தை முழிச்சுக்கும். உங்க வீட்டம்மாவும் உள்ளதானே? அரை மணி நேரம் ஆகும். ஆம்பளைங்க உள்ள போகக் கூடாதுன்னு போர்டு இருக்கு, நீங்க எங்கயும் போக முடியாது. நல்லதாப் போச்சு, யார்கிட்டயாவது சொல்லணும்.

அம்மாவுக்கு அடி எறங்கியிருக்குண்ணா. கர்ப்பப்பை. தாங்கிப் பிடிக்கிற தசை தளந்து போச்சு. ஏன் வெக்கப்படுறீங்க? முட்டி வலின்னா கேப்பீங்க, இதக் கேக்க மாட்டீங்களா? இப்படித்தான் எங்கப்பாவும். "அது பொம்பளைங்க விஷயம்"னு டிவி சத்தத்தக் கூட்டி வெச்சுக்குவாரு.

காரணம் நான்தானாம். பொறக்கும்போது நாலே கால் கிலோ. அத நான் ஒத்துக்கல. என்னைக் கேட்டா பெத்தாங்க? அப்புறம் இருபத்திரண்டு வருஷம் எங்க மீஃபன் கடையில, அதான் அரிசி நூடுல்ஸ் கடையில, எலும்புச் சாறு அண்டாவத் தூக்கி எறக்கினது யாரு, நானா?

சாயங்காலம் பூங்காவுல ஆடுற கூட்டத்துல அம்மா மொத வரிசைண்ணா. நடுவுல நிப்பாங்க. போன வருஷம் பாத்தா கடைசி வரிசை. ஏம்மான்னு கேட்டா, வெயில்னாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன வெயில்? கழிப்பறை அந்தப் பக்கம் இருக்கு, அவ்வளவுதான். குதிச்சா ஒண்ணுக்கு நிக்காது. ரெண்டு வருஷம் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நான்தான் இழுத்துட்டு வந்தேன். பதினஞ்சு தடவ கரண்ட் வெக்கணும்னாங்க. பத்தாவது தடவைக்குள்ள தசை எழும்பலன்னா ஆபரேஷனுக்கு எழுதிடுவாங்களாம். அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "கத்தி மட்டும் வேணாம்." இன்னிக்குத்தான் அந்தப் பத்தாவது.

உங்க வீட்டம்மா சொல்லியிருப்பாங்களே. மொத நாளே அவங்கவங்களுக்குன்னு ஒரு குச்சி வாங்கணும். விரல் தடிமன், ரெண்டு பக்கமும் தகடு. பேர் எழுதின பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு போய், கழுவி, மறுபடி கொண்டாரணும். திரைக்குப் பின்னாடி அம்மாவே உள்ள வெச்சுக்குவாங்க. நர்ஸ் வெளிய ஒயர மட்டும் மாட்டுவாங்க. கரண்ட் வரும், தசை இழுத்துப் பிடிக்கும், அப்புறம் நாமளா பிடிக்கணும். எவ்வளவு பிடிச்சோம்னு மெஷின்ல நம்பர் வரும்.

மொத நாள் பன்னெண்டு. நாலாவது நாள் பத்து. அப்புறம் ஒன்பது. ஒன்பதாவது நாள் ஏழு! ஏறணுமா எறங்கணுமா? கேட்டா, "வீட்டுல பயிற்சி செய்யறாங்களா?"ன்னு என்னைக் கேக்குறாங்க. செய்யறாங்கம்மா! நூடுல்ஸ் அலசும்போது செய்யறாங்க, கல்லாவுல நிக்கும்போது செய்யறாங்க, எங்கப்பா பேசும்போது செய்யறாங்க! முகம் செவந்து போயிரும். எங்கப்பா, கோவமாக்கும்னு நெனச்சு ரெண்டு நாளா பாத்திரம் கழுவுறாரு.

அதான் காலையில கீழ புகார் ஜன்னல்ல மூணு பக்கம் எழுதிக் குடுத்தேன். நான் சட்டம் படிக்கிறேண்ணா, மூணாவது வருஷம். ஒண்ணு, இயந்திரம் பழுது. ரெண்டு, நோயாளிய அவமானப்படுத்தினது. மூணு, அந்த வரிய அடிச்சுட்டு எழுத்துல மன்னிப்பு. இன்னிக்கே பதில் வேணும்னு அடிக்கோடு போட்டிருக்கேன்.

பதிலா என்ன செஞ்சாங்க தெரியுமா அந்த ஓயாங்? மேல வந்தாங்க. "குச்சியக் காட்டுங்க"ன்னாங்க. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாங்க. தகட்ட நகத்தால தட்டினாங்க. லேசா ஆடுச்சு. "இத எப்படிச் சுத்தம் பண்றீங்க?"ன்னு கேட்டாங்க.

சுத்தம்! என்கிட்டயா கேக்குறது? உங்க வீட்டு அடுப்படியிலயும் இருக்குமே, கிண்ணம், சாப்பிடுற குச்சியெல்லாம் அடுக்கி சூட்டுல கிருமி நீக்குற பெட்டி? அதுலதான். சாப்பாட்டுப் பாத்திரத்தோட இல்லண்ணா, ஏன் அப்படிப் பாக்குறீங்க, மேல் தட்டு தனி. நூத்தி இருபத்தஞ்சு டிகிரி. ஒரு கிருமி உசுரோட இருக்காது. ஆஸ்பத்திரியில வெறும் சோப்புத் தண்ணி போதும்னாங்க. சோப்புத் தண்ணியாம்! எந்தக் காலத்துல இருக்காங்க?

...கொஞ்சம் வளைஞ்சிருந்துச்சு. கொஞ்சம்தான். வாழைப்பழம் அளவுக்கெல்லாம் இல்ல.

தகடு சரியாப் படலன்னா நம்பர் வராதாம். தசை வேலை செஞ்சாலும் வராதாம். அப்ப சூட்டுல வெக்கக் கூடாதுன்னு தாள்ல அச்சடிச்சுக் குடுக்கணுமா வேணாமா? குடுத்திருக்காங்க. பையிலயே இருந்துச்சு. ஆறாவது வரி. நான் நாலாவது வரியோட நிறுத்திட்டேன், அதுல எழுத்துப் பிழை இருந்துச்சு.

ஓயாங் புதுக் குச்சி ஒண்ணு எடுத்துக் குடுத்து அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அது போகட்டும். அம்மா போகும்போது ஒண்ணு சொன்னாங்கண்ணா. நாலாவது நாள்லருந்தே ஒரு பக்கம் சுருக்சுருக்குன்னு குத்துச்சாம். குச்சி வளைஞ்சதும் தெரியுமாம். ஏம்மா சொல்லலன்னா, "நீ படிச்ச பொண்ணு, தெரிஞ்சுதான் செய்வேன்னு இருந்துட்டேன்"ங்கிறாங்க.

குத்துதுன்னு என்கிட்ட சொல்லத்தான் செஞ்சாங்க. ஒரு தடவ. குத்துனாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு நான்தான்... சரி. அந்தப் பால் புட்டிய இப்படிக் குடுங்க, நான் பிடிச்சுக்கிறேன், உங்களுக்குக் கை வலிக்கும்.

ஆனா அந்த வரி தப்புதானே? ஒத்துழைச்சாங்கதானே? குத்தக் குத்த ஒத்துழைச்சிருக்காங்க! ஒரு வார்த்தை அவங்ககிட்டக் கேட்டுட்டு எழுதியிருக்கலாம்ல? நான் கேக்கலங்கிறது வேற விஷயம். நான் புத்தகத்துல எழுதலையே!

இருங்க, கதவு தொறக்குது. அம்மா! எவ்வளவு வந்துச்சு? இருபத்தாறா! அப்ப ஆபரேஷன்...? மிச்ச அஞ்சு நாளும் வந்தாப் போதுமா? பாத்தீங்களாண்ணா, இருபத்தாறு! ஏம்மா அழுவுற? சரி சரி, அழுவல. அது என்ன கையில, பேப்பரு? புகாருக்குப் பதிலா? ஓயாங் எழுதினதா? நீயா எழுதின? நீ எதுக்கும்மா எழுதுன?

"ஓயாங்கிட்ட சொல்லி உன் புகாரை நான் வாபஸ் வாங்கிட்டேன். இது மன்னிப்புக் கடிதம், உன் பேருல எழுதியிருக்கேன். ஆறு வரிதான், கடைசி வரைக்கும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."