சொட்டுக் காத்து வெளிய போகாது

...ஓட்டைங்க தங்கச்சி, ஓட்டை! ஒண்ணு ரெண்டுன்னா பரவால்லன்னு விட்டுறலாம். முன்பக்கம் பூரா ஓட்டை. மாவு சலிக்கிற சல்லடைய நிமித்தி வெச்சு நாலு ஸ்க்ரூ போட்டுட்டு, கம்ப்யூட்டர் கேபினெட்டுன்னு பேரு வெச்சிருக்கானுங்க. கேட்டா காத்தோட்டமாம்! இருங்க, அந்த ஃப்ரீசர் கதவ நல்லாத் தொறங்க... ம்... ஐஸ் பாறையாட்டம்தான் நிக்குது. கூலிங் பத்தலன்னுதான சொன்னீங்க? சரி, பாப்போம். இன்னிக்கு யார் மூஞ்சில முழிச்சேனோ, போற எடத்துலயெல்லாம் இப்படித்தான். காலையில ஐஸ்க்ரீம் கடை, அப்புறம் பல் டாக்டர் கிளினிக், எங்கயும் கோளாறு கண்ணுல சிக்க மாட்டேங்குது. இருக்கட்டும், கண்டுபிடிக்காம போக மாட்டேன்.

இருபத்தாறு வருஷம் தங்கச்சி. ஃபிரிட்ஜு, ஐஸ் பொட்டி, மீன் வெக்கிற கோல்டு ரூம், பொணம் வெக்கிற கோல்டு ரூம்... அய்யய்யோ, மன்னிச்சுக்குங்க, சமையல்கட்டுல நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுறேன் பாருங்க. சொல்ல வந்தது என்னன்னா, குளுமைன்னா என்னன்னு எனக்கு ஒருத்தன் பாடம் எடுக்கணுமா? அந்த கம்ப்யூட்டர் பார்ட்ஸ் கடைக்காரன் எடுத்தான் தங்கச்சி! மீச இப்பத்தான் எட்டிப் பாக்குது, எனக்கு வந்து காத்து எப்படிப் போகும்னு கைய ஆட்டி ஆட்டிக் காட்டுறான்.

எல்லாம் எம் பொண்ணுக்காகத்தான். எங்க வீட்டுக்காரம்மா ஆபீஸ்ல உங்ககிட்ட சொல்லாமலா இருந்திருப்பா, பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான? பொம்மைப் படம் பண்ற படிப்பு படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அதுல சேரணும்னா நாலு நிமிஷப் படம் ஒண்ணு சொந்தமா செஞ்சு அனுப்பணும். கடைசி நாள் இன்னிக்கு. சாயங்காலம் ஆறு மணி. ஆறு ஒண்ணு ஆச்சுன்னா அடுத்த வருஷம்தான். படம் என்னன்னு கேளுங்க. ஒரு நத்தை. முதுகுல வீட்டத் தூக்கிக்கிட்டே வாடகைக்கு வீடு தேடி அலையுது! எனக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. "ஏம்மா, அதுக்குத்தான் வீடு இருக்கே"ன்னேன். "அதுக்குத் திரும்பிப் பாக்க முடியாதுல்லப்பா"ன்னா. அப்புறம் ஒருநாள் பூரா அந்த நத்தை நெனப்புதான் தங்கச்சி. ஒரு வீட்டுல ஃபிரிட்ஜு கழட்டிக்கிட்டிருக்கேன், கண்ணுல தண்ணி வருது. கேஸ் லீக்கோன்னு பயந்துட்டாங்க.

நத்தைய வரைஞ்சுட்டா. எல்லாத்தையும் கம்ப்யூட்டர் ஒண்ணாச் சேத்து படமாக்கணும். அதுக்கு ஏழு மணி நேரம் நிறுத்தாம ஓடணுமாம். பழைய லேப்டாப்புல போட்டா அது சூடாகி, கோவிச்சுக்கிட்டுத் தூங்கிருச்சு. உடனே எம் மச்சினன், அதான் எங்க வீட்டுக்காரம்மா தம்பி, ரெடிமேடு கம்ப்யூட்டர் வியாபாரம், "மாமா, நீங்க கஷ்டப்படாதீங்க, ஒண்ணு கொண்டாந்து வெக்கிறேன்"னான். வெப்பான், வெப்பான்! அப்புறம் ஆயுசு பூரா பந்தியில உக்காந்து, "மாமா வீட்டுக் கம்ப்யூட்டர் நான் வெச்சது"ம்பான். வேணாம்டா சாமின்னுட்டு நானே பார்ட்ஸு பார்ட்ஸா வாங்கி மாட்டுறேன்னேன். எம் பொண்ணு துள்ளிக் குதிச்சா. "நாம ரெண்டு பேரும் சேந்து பண்ணலாம்பா"ன்னா. அந்த ஒரு வார்த்தைக்காக நான் விமானம்கூட செஞ்சிருப்பேன்.

கடைக்குப் போனோம். மொத கேபினெட்டு, பக்கவாட்டுல கண்ணாடி, உள்ள பச்ச லைட்டு, செவப்பு லைட்டு, ஊதா லைட்டு. "இதுல மீனு எப்ப விடுவீங்க?"ன்னு கேட்டேன். சிரிக்கல அவன். ரெண்டாவது, அலமாரி உயரம். அதுல கம்ப்யூட்டர மாட்டிட்டு மிச்ச எடத்துல ஒரு ஆளு குடித்தனம் பண்ணலாம். மூணாவது இந்தச் சல்லடை. எம் பொண்ணு, "இதுதான்பா நல்லாருக்கும்"னு அதையே தடவிக்கிட்டு நிக்கிறா. நான் என்ன பண்ணேன், வழக்கமா பண்றதத்தான் பண்ணேன். ஒரு துண்டுக் காகிதத்த எடுத்து கதவிடுக்குல வெச்சு மூடி இழுத்துப் பாத்தேன். ஃபிரிட்ஜுக்கு அதானே தங்கச்சி சோதன? காகிதம் இறுக்கமா நின்னா டோர் ரப்பர் நல்லாருக்குன்னு அர்த்தம். இங்க காகிதம் தானா வந்து விழுது! "இதுக்கு டோர் ரப்பரே இல்லியே தம்பி"ன்னேன். கடையில இருந்த அத்தன பேரும் திரும்பிப் பாத்தானுங்க. எம் பொண்ணு ஃபேன் டப்பாவுல என்னமோ ரொம்ப நேரமாப் படிக்க ஆரம்பிச்சுட்டா.

அப்புறம் ப்ராசசரு மேல வெக்கிற கூலர். தண்ணியில ஓடுறது ஒண்ணு இருக்குன்னான். "என்ன கேஸ் அடைச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன். கேஸெல்லாம் இல்ல சார், வெறும் தண்ணிங்கிறான். கரண்டுப் பொருளுக்குள்ள தண்ணியக் கொண்டுபோய் விடுறதுக்கு நான் என்ன கிறுக்கனா? வேணாம், காத்துல ஓடுறதே போதும்னு, இருக்கறதுலயே பெருசா ஒண்ணு எடுத்தேன். ரெண்டு மாடிக் கட்டடம். "கேபினெட்டு அகலத்துக்கு இது இடிக்கும் சார்"னான். இடிச்சா பாத்துக்கலாம்னேன். இடிச்சிச்சு. பக்கத்து மூடி மூடல. ரப்பர் சுத்தியலால உள்பக்கத்துல இருந்து நாலு தட்டு தட்டினேன், மூடி வெளிய புடைச்சுக்கிட்டு வழிவிட்டுருச்சு. இப்பப் பாத்தா ஒம்போது மாசம் மாதிரி இருக்கும். ஆனா மூடிக்குது!

டீயா? எதுக்கு தங்கச்சி செரமம்... சரி, சக்கர கொஞ்சம் தூக்கலா. ரெண்டாவது டீ, இன்னிக்கு உங்க வீட்டுல எனக்கு ராஜ உபசாரம்தான்.

எங்க விட்டேன்? ஆங், ஃபேனு. நாலு ஃபேனு. அவன் சொல்றான், முன்னாடி மூணு காத்த உள்ள இழுக்கணுமாம், பின்னாடி ஒண்ணு வெளிய தள்ளணுமாம். யாராச்சும் கோல்டு ரூமுல இருந்து காத்த வெளிய தள்ளுவாங்களா? உள்ள வந்த குளுமைய வழியனுப்பி வெக்கிறதுக்கு ஒரு ஃபேனா? நான் நாலையும் உள்பக்கமாத் திருப்பி மாட்டினேன். எம் பொண்ணு, "அப்பா, படத்துல அம்புக்குறி வேற மாதிரி இருக்கே"ன்னா. "அம்புக்குறி போட்டவன் கோல்டு ரூம் பாத்திருக்க மாட்டான்மா"ன்னேன். சரிப்பான்னுட்டா. நல்ல புள்ள. எதுத்துப் பேசாது.

அடுத்து அந்த ஓட்டைங்க. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல தங்கச்சி. ராத்திரி படுத்தா கண்ணுக்குள்ள சல்லடை. நம்ம தொழில்ல ஒரு ஓட்டை விட்டா பொழப்பு போச்சு. மறுநாளே உக்காந்து, மூடி சுத்திலும் நல்ல டோர் ரப்பர் ஒட்டினேன், காந்தம் வெச்சது. சல்லடை மேல ரெண்டு அடுக்கு அலுமினிய டேப்பு. உள்பக்கம் எடம் கெடச்ச எடத்துலயெல்லாம் தெர்மாகோல். பின்னாடி ஒயரு போற சந்துல கூட மெழுகு. காகிதத்த வெச்சு இழுத்துப் பாத்தேன், கிழிஞ்சு வருதே தவிர அசையல! சொட்டுக் காத்து வெளிய போகாது. மூணு வருஷ கேரண்டி தரலாம், அப்படி ஒரு வேலை. எங்க வீட்டுக்காரம்மா எட்டிப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல. அவ ஒண்ணுமே சொல்லலைன்னா அசந்துட்டான்னு அர்த்தம்.

இவ்வளவு பண்ணியும், இவ்வளவு பண்ணியும் தங்கச்சி, போட்டா பதினோரு நிமிஷம். டப்புனு அணைஞ்சுருது! மேல கைய வெச்சா தோசை ஊத்தலாம். தொண்ணூத்தெட்டு டிகிரின்னு காட்டிட்டுச் சாகுது. இப்படியே அஞ்சு நாளு. கடைக்காரனுக்குப் போன் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். "நீ குடுத்த கூலரு டம்மி, ஃபேனு டம்மி, நீயே டம்மி!" அவன், "சார், ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க"ங்கிறான். நான் எதுக்கு அனுப்பணும்? என் வேலையப் பாத்துக் காப்பி அடிக்கவா?

இன்னிக்குக் கடைசி நாளு. நான் பக்கத்துலயே நின்னு விசிறலாம்னு இருந்தேன். எங்க வீட்டுக்காரம்மா விடிஞ்சதும் விடியாததுமா, "ஐஸ்க்ரீம் கடையில கூப்பிட்டாங்க, பல் டாக்டர் கூப்பிட்டாரு, அப்படியே என் ஃப்ரெண்டு வீட்டுலயும் பாலெல்லாம் திரிஞ்சு போகுதாம், பாத்துட்டு வாங்க"ன்னு துரத்தி விட்டுட்டா. நான் கெளம்புறப்ப பொண்ணு அந்தப் பொட்டி பக்கத்துல கைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. "போய்ட்டு வாங்கப்பா, நான் பாத்துக்கிறேன்"னா. அஞ்சு மாசம் வரைஞ்ச புள்ள. நத்தைக்கு ஒவ்வொரு அடியும் தனித்தனியா வரையணும் தெரியுமா? அது இன்னிக்கு ஆறு மணிக்கு அழப்போகுது, மச்சினன் ஏழு மணிக்கு ஒரு பொட்டியத் தூக்கிட்டு வந்து இளிக்கப்போறான். ரெண்டையும் நான் நின்னு பாக்கணும்.

சரி, நகருங்க, பின்பக்கம் பாக்கலாம். ஏ யப்பா... என்ன தங்கச்சி இது! ஃபிரிட்ஜ இப்படியா செவுத்தோட ஒட்டி வெப்பாங்க? கையி நுழைய எடமில்ல! மேல துணிப் பையி, பக்கத்துல அட்டப்பொட்டி, சந்துல பூரா பழைய பேப்பரு. இதான் கோளாறு, வேற ஒரு மண்ணும் இல்ல! படிச்சவங்கதான நீங்க? குளுமைங்கிறது என்ன, ஆகாசத்துல இருந்தா வருது? உள்ள இருக்கிற சூட்ட எடுத்து பின்னாடி கொண்டாந்து கொட்டுது. கொட்டுன சூடு எங்க போகும்? வெளிய போக வழி வேணாமா? நீங்க பாட்டுக்கு நாலு பக்கமும் அடைச்சு வெச்சா, அது தன் சூட்டுலயே தான் வெந்து...

...

தன் சூட்டுலயே தான்...

கொஞ்சம் இருங்க.

இல்ல, ஒண்ணுமில்ல. உக்காந்துக்கிறேன். தண்ணி வேணாம். தங்கச்சி... ஒண்ணு கேக்குறேன். ஃபிரிட்ஜுன்னா சூடு வெளிய இருந்து உள்ள வரக்கூடாது, அதனால மூடணும். கம்ப்யூட்டர்ல சூடு பொறக்குறதே உள்ளதான? அப்ப அத மூடினா... நாலு ஃபேனையும் உள்ள பாக்க வெச்சு, ரப்பர் ஒட்டி, மெழுகு ஊத்தி... அய்யோ. நான் பண்ணது கம்ப்யூட்டர் இல்ல தங்கச்சி. நான் பண்ணது அடுப்பு.

மணி என்ன? மூணு இருபதா? போன் எங்க, போன் எங்க... மூடியக் கழட்டச் சொல்றேன். ரெண்டரை மணி நேரம் ஓடினாலும் ஓடின வரைக்கும்... ரிங்கு போகுது.

ஹலோ, அம்மாடி, நாந்தான், நீ உடனே அந்த... ஹலோ? ஹலோ?

...

இல்லம்மா. இல்ல, கெளம்பல. இங்கதான் இருக்கேன். சும்மாதான் கூப்பிட்டேன். ...ஆமா, சாப்பிட்டேன். ...இல்ல இல்ல, இங்க வேலை இழுக்குதும்மா. பெரிய கோளாறு. ஆறு மணிக்கு முன்னாடி வர்றதுக்கு வாய்ப்பே இல்ல. நீ உன் வேலையப் பாரு. ...ம். வெக்கிறேன்.

...என்ன, அப்படிப் பாக்குறீங்க? நான் சொல்லல. ஆமா, சொல்லல.

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அவ போன கட் பண்ணாம கீழ வெச்சுட்டுக் கத்துறா தங்கச்சி. "அம்மா! அப்பா கெளம்பிட்டாரு போல, மூடி எங்க, மூடிய எடும்மா!" உடனே எங்க வீட்டுக்காரம்மா கொரலு, "அதெப்படி, நாலு மணி வரைக்கும் புடிச்சு வெக்கிறேன்னு சொன்னாங்களே!"

எனக்கு எல்லாம் கேட்டுச்சு. பின்னாடி ஃபேனு ஓடுற சத்தமும் கேட்டுச்சு. மூடி இல்லாம ஓடுறது, மூச்சு முட்டாம ஓடுறது, அந்த சத்தம் எனக்குத் தெரியாதா? காலையில இருந்து ஓடுது. அதான் மத்தியானச் சோத்தக்கூட வீட்டுக்கு வரவிடாம டப்பாவுல கட்டிக் குடுத்திருக்கா! ஐஸ்க்ரீம் கடை, பல் டாக்டர், நீங்க, மூணும் எங்க வீட்டுக்காரம்மா ஏற்பாடு, ஏழு மணி நேரம் நான் வீட்டுப் பக்கம் வரக்கூடாதுன்னு. மூணு எடத்துலயும் எதுவும் கெட்டுப் போகல. கெட்டது எங்க வீட்டுல மட்டும்தான்.

அஞ்சு நாளா நான் வெளிய போறப்பல்லாம் எம் பொண்ணு மூடியக் கழட்டியிருக்கா, வர்ற சத்தம் கேட்டா மாட்டியிருக்கா. எத்தன ஸ்க்ரூ தெரியுமா? பதினாலு. ஒட்டுன ரப்பர் கிழியாம எடுத்திருக்கா பாருங்க, எனக்கே அது வராது. நேத்து ஒரு ஸ்க்ரூ தரையில கெடந்துச்சு, பொறுப்பே இல்லன்னு திட்டினேன் அவள. "சாரிப்பா"ன்னா. சாரியாம்! அப்பன் செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? மனசு நோகும்னு சொல்லல. எனக்கு... எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு தங்கச்சி. சந்தோஷமா அழுகையான்னே தெரியல. இப்ப நான் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னா அவ பதறிப்போவா. படம் முடியட்டும், அனுப்பட்டும். அப்புறம் நானே போயி எல்லா டேப்பையும் பிச்சுப் போடுறேன்.

அட, எங்க கெளம்புறீங்க? கடைக்கா? மணி மூணரைதான ஆகுது! ஒக்காருங்க தங்கச்சி. எங்க வீட்டுக்காரம்மாகிட்ட நாலு மணின்னு வாக்கு குடுத்தீங்க, நான் ஆறுன்னு சொல்லிட்டேன். இப்ப நான் எந்திரிச்சுப் போனா அந்தப் புள்ள மூடிய மாட்டணும். மாட்டலாமா, சொல்லுங்க? அதான். வாஷிங் மெஷின் வெச்சிருக்கீங்கள்ல? அது நல்லாத்தான் ஓடுதா? இருக்கட்டும், கழட்டிப் பாப்போம்...