சென்னிமலைக்குப் போட்ட இரண்டாவது ஊசி

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வலியைச் சொல்லத் தெரியாது. நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தாலும் டாக்டரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுதான் பார்ப்பார்கள். அதை மரியாதை என்கிறார்கள். எனக்கு அது மந்தபுத்தியாகத்தான் படுகிறது.

இன்ஸ்பெக்டர், உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். மார்ஃபின் வலியை மட்டும் அடக்குவதில்லை. இரத்த ஓட்டம் தடைப்பட்ட இதயத்தையும் அது காக்கிறது என்று தொண்ணூற்றாறில் எலிகளை வைத்துக் காட்டிவிட்டார்கள். நம் உடம்பே அந்த வகைச் சரக்கைக் கொஞ்சம் சுரக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் இடங்கள் இதயத்திலேயே இருக்கின்றன. அந்த இடங்களை அடைத்துவிட்டால் மனித இதயம் எவ்வளவு சேதமாகும்? ஆர்.எஸ்.புரத்தில் என்னைப் போல ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர்கள் புதுக் காருக்கு மேல் எதையும் யோசிப்பதில்லை. நான் யோசித்தேன்.

அதற்குக் கத்தாத நோயாளி வேண்டும். மாரடைப்போடு வந்த ஒரு மில் முதலாளி ஆஸ்பத்திரியே அதிரக் கூச்சல் போட்டார். அவருக்கு மார்ஃபின் போட்டேன், பிழைத்துக்கொண்டார். இப்போதும் எங்கேயாவது கத்திக்கொண்டிருப்பார்.

பிறகு தொண்டாமுத்தூரிலிருந்து சென்னிமலை என்பவர் வந்தார். தென்னந்தோப்புக்காரர். மாரடைப்பு, சட்டையெல்லாம் வியர்வை. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கொஞ்சந்தானுங்க. நீங்க சாப்பிட்டுப்போட்டே வாங்க."

இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். இதயத்தின் அந்த இடங்களை அடைக்கும் மருந்தை ஏற்றினேன். நர்ஸ் பொற்கொடி மார்ஃபினை எடுத்துவந்தாள். வலி கொஞ்சந்தான், அவரே சொல்லிவிட்டார் என்று திருப்பி அனுப்பினேன். உங்களிடம் வந்து ஒப்பித்தவள் அவள்தான் என்று தெரியும். அவளுக்கு ஊசி போடத் தெரியும், அதற்குமேல் எதுவும் தெரியாது.

மத்தியானம் சென்னிமலை என் கையைப் பிடித்தார்.

"தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. தாங்க முடியலீங்க. வலிக்கு ஏதாச்சும் போடுங்க."

போடுகிறேன் என்றேன். அதே அடைக்கும் மருந்தைத்தான் மறுபடியும் போட்டேன். ஊசியை எடுத்ததும் அவர் கும்பிட்டார்.

"இப்பத் தேவலைங்க."

தேவலையாக இருந்திருக்க வழியே இல்லை. எனக்காகச் சொன்னார். சாயங்காலம் இதயம் நின்றுவிட்டது. அவர் மனைவி சாமியாத்தாள், நான் பார்த்ததால்தான் அவ்வளவு நேரமாவது இருந்தார் என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் மறுக்கவில்லை.

ஆம், கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவரைக் கேட்டுத்தான் செய்தேன், அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. அவருக்கே இல்லாத குறை உங்களுக்கு எதற்கு?