கழுத்தும் கையும்

– அதுக்காகப் படம்னா உச்சி வெயில்லயா ரப்பர் மரத்துல பால் வெட்டுவா? நல்லாப் பாரு. தலையில ரெண்டு முழம் பூ, கால்ல கொலுசு. இவ வந்து நிக்கிறதப் பாத்தா மரமே வெக்கப்பட்டுப் பால உள்ள இழுத்துக்கும்.

– நான் அதையா கேட்டேன்?

– நீ வாசப்படியில நின்னு என்னத்தக் கேட்டாலும் இப்ப என் காதுல விழாது நவமணி. படம் ஓடுதுல்ல. தோட்டமே ஹால்ல போயி கலர் டிவி முன்னால உக்காந்திருக்கு. இன்னைக்கு நம்ம தோட்டத்துல எடுத்த படம்னு தொர பகல்லயே கரண்ட்டு விட்டிருக்காரு. நீ என்னடான்னா இந்த இருசப்பன் வீட்டுக் கறுப்பு வெள்ளையத் தேடி வந்திருக்க.

– ஹால்ல பத்தாங் காலி டவுன்லேருந்து வந்தவங்க உக்காந்திருக்காங்க. மாப்பிள்ளை, அவுங்க அம்மா, ரெண்டு சித்தப்பா. எங்கண்ணன் தங்கராஜு ஓடி ஓடி ஆரஞ்சுத் தண்ணி ஊத்திக் குடுக்குது.

– பொண்ணு பாக்க வந்த எடத்துல டிவி பாக்குறாங்களா? நல்ல சம்பந்தம்லா.

– பொண்ணையே டிவியிலதான் பாக்க வந்திருக்காங்க. என் கழுத்துல இன்னொருத்தரு தாலி கட்டுறத அவுங்க கண்ணால பாக்கணுமாம். பாத்துட்டுத்தான் மேக்கொண்டு பேசுவாங்களாம்.

– பாக்கட்டும், பாக்கட்டும். கலர்ல நல்லாவே தெரியும்.

– நக்கல் அடிச்சா விட்டுருவேன்னு நெனைக்காதீங்க. படம் முடிஞ்ச கையோட எல்லாரும் கோயிலுக்குப் போறாங்க. நீங்களும் வரணும். உள்ளங்கையில கற்பூரத்த ஏத்திக்கிட்டு அம்மன் முன்னால சொல்லணும், அன்னைக்குக் கட்டுனது நடிப்புக்குத்தான், மனசறிஞ்சு கட்டலன்னு. நீங்க ஒரு தடவ, நான் ஒரு தடவ. கோயில் தலைவரு முடிவு பண்ணிட்டாரு. நீங்க வரலன்னா அவுங்க அப்படியே வேன் ஏறிப் போயிடுவாங்க.

– படம் எடுக்கும்போது இந்தத் தலைவரு எங்க இருந்தாரு?

– டைரக்டர் பக்கத்துல மாலை போட்டுக்கிட்டு நின்னாரு.

– அவரு கையில ஏத்தச் சொல்லு கற்பூரத்த. கொஞ்சம் தள்ளி உக்காரு, வெளிச்சம் திரையில விழுது. உள்ள வராத. உள்ள வந்தா அதுக்கும் ஒரு சத்தியம் கேப்பாங்க.

– உக்காந்துட்டேன். சொல்லுங்க, வருவீங்களா?

– இரு, இரு. கார் வருது பாரு. தொர மகன் சீமையில படிச்சுட்டு வர்றானாம். வந்ததும் இவ மேல சேத்த அடிச்சுட்டு, எறங்கி மன்னிப்பு கேப்பான். அதோட காதல். நம்ம தோட்டத்துல உர லோரி வாரத்துக்கு மூணு தடவ எல்லார் மேலயும் சேத்த அடிச்சுட்டுப் போவுது. அந்தக் கணக்குல பாத்தா டிரைவருக்கு இந்நேரம் இருவது பொண்டாட்டி இருக்கணும்.

– உங்களுக்கு எதைப் பாத்தாலும் நக்கலு. அப்புறம் எதுக்கு ஒரு படம் விடாம பாக்குறீங்களாம்?

– நானா? டிவி சும்மா கெடந்தா பூச்சி பூந்துரும்னு போட்டு வக்கிறேன்.

– போன மாசம் வந்த படத்துல, அந்தக் குருட்டுப் பொண்ணுக்குக் கண்ணு தெரிஞ்சப்ப, நீங்க துண்டால மூஞ்சியப் பொத்திக்கிட்டீங்களாமே. உங்க தங்கச்சி பைப்படியில சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது.

– ரப்பருக்குப் பொக போடுற எடத்துல வேல பாக்குறவன் கண்ணு அப்படித்தான் இருக்கும்.

– பொக ஞாயித்துக்கெழமையும் வருதாக்கும்.

– சரி, நீ சொல்லு. இதுல என்னதான் இருக்குன்னு நீங்க பொம்பளைங்க இப்படி உருகுறீங்க? ஆரம்பிக்கும்போதே முடிவு தெரியுது. கோவக்காரி அம்மா கடைசியில சிரிச்சுருவா. ஏழைப் பொண்ணு கார் ஏறிருவா. கொசு எவனையும் கடிக்காது.

– முடிவு தெரியுதுல்ல, அதுக்குத்தான் பாக்குறது. காலையில இருட்டுல நெத்தியில வெளக்கக் கட்டிக்கிட்டு மலைக்காட்டுக்குப் போறேன், பாம்பு கெடக்கா பன்னி நிக்குதான்னு தெரியாது. மழை வந்தா அன்னைக்குப் பாலும் போச்சு சம்பளமும் போச்சு, அதுவும் தெரியாது. இந்தப் படத்துல மட்டுந்தான், எவ்வளவு அழுதாலும் முடியுறதுக்குள்ள சரியாயிடும்னு எனக்கு நல்லாத் தெரியும். ஒன்றர மணி நேரம் ஒருத்திக்குக் கெட்டது நடக்காதுன்னு நம்பி உக்காந்திருக்கிறது எவ்வளவு சொகம் தெரியுமா?

– ம்.

– என்ன ம்?

– ஒண்ணுமில்ல. மழை வருது பாரு. காதல் மழை.

– அது களைக்கொல்லி அடிக்கிற டாங்கியிலேருந்து ஊத்துன தண்ணிதான.

– அதேதான். அந்தப் பொண்ணுக்கு ரெண்டு நாளு ஒடம்பெல்லாம் அரிப்பு. நெசமான மழை வந்ததும் கேமராப் பொட்டியெல்லாம் மூடிட்டானுங்க. மழை மாதிரி தெரியலன்னானுங்க. நம்ம மழையப் பாத்து.

– அந்த நெசமான மழையாலதான் எனக்கு இந்தத் தலைவலியே. மழை புடிச்சுக்கும்னு நடிகையும் நடிகரும் கோலாலம்பூருக்குக் கார் ஏறிட்டாங்க. படத்துத் தாலியும் அவ கழுத்தோட போயிடுச்சு.

– அதுக்கப்புறந்தான டைரக்டருக்கு நெனப்பு வந்துச்சு, முடிச்சு போடுறத கிட்டக்க எடுக்கலன்னு. ஒரு கழுத்தும் ரெண்டு கையும் இருந்தா போதும்னான். அவ்வளவு கூட்டத்துல உன் கழுத்துதான் அவன் கண்ணுல பட்டுச்சு.

– என் கழுத்துக்கு என்ன கொறச்சல்?

– கொறச்சல்னு யாரு சொன்னா? கைக்குத்தான் கொறச்சல். மேக்கப்புக்காரி ஒரு டப்பா பவுடரையும் என் கையில கொட்டுனா. கைக்குப் பவுடர் போட்ட மொத ஆம்பள இந்த ஜில்லாவுலயே நான்தான். கலும்பாங் கடைத்தெருவுல இன்னும் கேக்குறானுங்க.

– அதோட நின்னிருந்தா பரவால்ல. செல்லையா பூசாரிக்கு நடிக்கத் தெரியலியே. சும்மா வாய அசைங்கன்னு டைரக்டர் சொல்றாரு. இவரு மணிய ஆட்டி, தீபத்தக் காட்டி, உள்ள மந்திரம் பூராத்தையும் சொல்லிட்டாரு. அம்மன் முன்னால பொய்க்கு மணி ஆட்ட எனக்குத் தெரியாதுன்னுட்டாரு.

– தாலி இல்லன்னதும் மஞ்சக் கயித்துல மஞ்சளக் கட்டி, அம்மன் காலடியில வச்சு எடுத்துக் குடுத்தாரே. அதுதான் பெரிய நடிப்பு.

– பொம்பளைங்க அரிசி தூவுனாங்க. நாகசுரக்காரருக்கு யாரும் சொல்லவே இல்ல, அவரா கெட்டிமேளம் வாசிச்சாரு. எல்லாம் முடிஞ்சு நான் கயித்தக் கழட்டப் போனா, புருஷன் உசுரோட நிக்கையில எவளாச்சும் கழட்டுவாளான்னு நல்லம்மாக்கா என் கையப் புடிச்சுக்கிச்சு.

– ஆனா கழட்டிட்ட.

– கழட்டி அம்மன் சூலத்துல கட்டிட்டேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?

– நான் ஒண்ணும் சொல்லலியே. நீ கட்டுனதப் பாத்தேன், அவ்வளவுதான். அந்தா, சந்தேகம் வந்துருச்சு. எங்கடா இன்னும் வரலன்னு நெனச்சேன்.

– யாருக்கு?

– படத்துல. இவ தன் தம்பிக்குச் சோறு குடுக்குறா, அத அவன் மரத்துக்குப் பின்னாலேருந்து பாத்துட்டு அவ காதலன்னு நெனச்சுக்கிட்டான். இனிமே தாடி வளப்பான். வாயத் தொறந்து இது யாருன்னு ஒரு வார்த்த கேட்டா படம் இப்பவே முடிஞ்சுரும். கேக்க மாட்டான். இத்தன படிப்பு படிச்சும் வாய்க்குள்ள கொழுக்கட்ட.

– படிக்காதவங்க மட்டும் உடனே கேட்டுருவாங்களாக்கும்.

– ஒண்ணு கேக்கவா? மொதல்ல நீ இருசப்பண்ணே இருசப்பண்ணேன்னு வாய் நெறயக் கூப்பிடுவ. படம் எடுத்துட்டுப் போன நாள்லேருந்து பேரும் இல்ல, மொறையும் இல்ல. இந்தாங்க, கேக்குதாங்கன்னு காத்தப் பாத்துப் பேசுற.

– ஏற்கனவே ஊரு சிரிக்குது. அண்ணேன்னு கூப்பிட்டா இன்னும் சிரிக்கும்.

– பத்தாங் காலிக்காரங்க முன்னால ஒரே ஒரு தடவ அண்ணேன்னு கூப்பிட்டுரு. கற்பூரச் செலவு மிச்சம்.

– பேச்ச மாத்தாதீங்க.

– சரி, மாத்தல. மாப்பிள்ள எப்படி?

– பேரு பாலகிருஷ்ணன். கல்லு லோரி ஓட்டுறாரு. குடிக்க மாட்டாரு. வீட்டுக்குள்ளயே தண்ணிக் கொழாயாம். எங்கண்ணன் மூணு தடவ சொல்லிடுச்சு, கொழா வீட்டுக்குள்ளயேன்னு.

– உங்கண்ணன் கொழாயக் கட்டிக்கப் போவுதா, உன்னயக் கட்டிக் குடுக்கப் போவுதா?

– தோட்டத்து ஆளுக்கு என்னயக் குடுக்க மாட்டேன்னு அப்பா செத்த அன்னைக்கே சொல்லிடுச்சு. எனக்கும் வயசு போகுது. இனிமே ஒரு தடவ வேன் திரும்பிப் போனா, அடுத்த வேன் வராது. புரியுதா உங்களுக்கு?

– புரியுது. எல்லாப் படத்துலயும் ரெண்டாவது மாப்பிள்ளன்னு ஒருத்தன் வருவான். பாவம், குத்தம் சொல்ல ஒண்ணும் இருக்காது. கடைசியில பொண்ணக் கதாநாயகன் கையில புடிச்சுக் குடுத்துட்டு, சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறிப் போயிடுவான். அவனுக்கு வீடு எங்க, சாப்பாடு எங்கன்னு ஒருத்தனும் காட்ட மாட்டான்.

– இவரு பஸ் ஏற மாட்டாரு. சொந்த லோரி.

– அதுவும் சரிதான்.

– சும்மா இருங்க, கோயில் வந்துடுச்சு. நம்ம கோயில்.

– அந்தா செல்லையா. எவ்வளவு அழுத்தமா மணி ஆட்டுறாரு பாரு. சம்பளம் வாங்குனவன்கூட இப்படி நடிக்கல.

– இப்ப வரும்.

– அது நீ.

– அது நீங்க. அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?

– முடிஞ்சிருச்சு. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள அந்த மைனரு மூஞ்சி வந்துருச்சு. கை என்னுது, பெருமூச்சு அவன் விடுறான்.

– ஒரு முடிச்சு போதும்னாங்க, நீங்க மூணு போட்டீங்க.

– கயிறு வழுக்குச்சு.

– வழுக்குனதுக்கு யாரும் மூணு முடிச்சு போட மாட்டாங்க.

– உன்னயப் பத்திப் பேசுவோம். நேரா நில்லும்மா, கழுத்து தெரியணும்னு டைரக்டர் தொண்ட கிழியக் கத்துனான். நீ என்னடான்னா குனிஞ்சுக்கிட்ட.

– தாலி கட்டும்போது குனியாம வேற எப்படி நிப்பாங்க?

– நடிப்புக்குத்தான கட்டுனது.

– அது… பழக்கம்.

– எத்தன தடவ கட்டிக்கிட்ட, பழக்கம் வர்றதுக்கு?

– இந்தாங்க, நான் இங்க வாயாட வரல. பேரெல்லாம் ஓடுது பாருங்க, படம் முடிஞ்சுது.

– நம்ம பேரு வரும்னு பாக்குறேன். டீ ஊத்துனவன் பேருகூட வருது. ஜெனரேட்டருக்கு நன்றியாம்.

– கழுத்துக்கும் கைக்கும் பேரு போட மாட்டாங்க. எந்திரிங்க. ஹால்லேருந்து ஆளுங்க வெளிய வர்றாங்க. எங்கண்ணன் இந்தப் பக்கந்தான் பாக்குது. நான் முன்னால போறேன், நீங்க பின்னால வாங்க. அந்தப் பனியனோட வராதீங்க.

– நவமணி.

– என்ன?

– உனக்கு அந்தப் பத்தாங் காலி வீடு வேணுமா? வேணும்னு சொன்னா வர்றேன்.

– எனக்குன்னு ஒரு வீடு வேணும். அண்ணன் வீட்டுல அண்ணி மூஞ்சியப் பாத்துப் பாத்துச் சோறு திங்க முடியல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

– சரி. வர்றேன். சட்டைய மாத்திட்டு வர்றேன்.

– சொல்லுவீங்கல்ல? அங்க வந்து நக்கல் அடிச்சுடாதீங்க.

– அடிக்கல. நடிப்புக்குத்தான் கட்டுனேன், மனசறிஞ்சு கட்டலன்னு சொல்லணும். போதுமா?

– போதும்.

– எல்லாம் முடிஞ்சதும் எனக்காக ஒண்ணு மட்டும் செய். எம் பேர்ல அம்மனுக்கு ஒரு சேவல் நேந்துக்க.

– சேவலா? எதுக்கு?

– கையில கற்பூரத்த வச்சுக்கிட்டுப் பொய் சத்தியம் பண்ணா, அம்மன் சும்மா விடுமா? போ, போ. உங்கண்ணன் இங்கயே வந்துரும் போல. ஏன் நிக்கிற?

– ஒரு சேவல் பத்தாது. நானும்தான சத்தியம் பண்ணணும்.